கூரைமேல் நின்ற மீன்முள்

சென்னையின் தெற்குப் புறநகர்களில் மொட்டைமாடிதோறும் ஒரு மீன்முள் நின்ற காலம் உண்டு. நடுவே ஒரு தண்டு. அதன் இருமருங்கும் நீண்ட அலுமினியக் குழாய்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் இரும்புக் கம்பம். அதிலிருந்து இறங்கிச் சன்னல் வழியே கூடத்துக்குள் நுழையும் ஒரு கம்பி. தொலைக்காட்சிப் பெட்டி எந்த வீட்டில் இருக்கின்றது என்பதைத் தெருமுனையில் நின்றே சொல்லிவிடலாம். நம் இல்லங்களின் இளையோர் பலர் அந்தக் கம்பத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். கண்டிருந்தாலும் துணிக்கொடி கட்ட நட்ட குழாய் என்றே எண்ணியிருப்பார்கள். மூத்தோரோ அதனை எளிதில் மறப்பதற்கில்லை. மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கூடத்தில் ஒருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுக்க, படிக்கட்டில் ஒரு சிறுவன் நின்று செய்தி சுமக்க, ஒரு குடும்பமே சேர்ந்து ஓர் உருவத்தைத் தேடிய காலம் அது.

அலை மெலிந்து வந்த இடங்களில் அந்நாளையப் பெட்டிகளை எவ்வாறு பழக்கி எடுத்தனர் என்பதை இம்மாதம் ஆராய்வோம். இது வெறும் பழங்கதை அன்று. அதில் அடங்கிய விதி ஒன்று இன்றைய கைப்பேசிக்கும் இணையப் பெட்டிக்கும் அப்படியே பொருந்துகின்றது. அவ்விதியை அறியாமல் கைப்பொருளை இழந்தோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பொருளோடு உயிரையும் பணயம் வைத்தோர் உண்டு என்பதால், இதனைச் சற்று விரித்தே எழுதுகின்றோம்.

இருபது கிலோமீட்டர் தொலைவு

இந்தியத் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு தில்லியில் சோதனை முயற்சியாகப் பிறந்தது. பம்பாய் நிலையம் 1972இல் வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. சேப்பாக்கத்தை அடுத்த சுவாமி சிவானந்தா சாலையில் நிலையம் உள்ளது. அங்கிருந்து நேர்க்கோடு ஒன்று இழுத்தால் சிட்லபாக்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

இருபது கிலோமீட்டர் ஒரு தொலைவா என்று கேட்கலாம். வானொலிக்கு அது தொலைவன்று. மதுரையில் இருந்துகொண்டே சென்னை வானொலியைக் கேட்டவர்கள் நாம். ஆனால் தொலைக்காட்சி அலையின் குணம் வேறு. அது மிகக் குறுகிய அலை; ஏறக்குறைய ஒளியைப் போலவே நேராகச் செல்லும்; குன்றும் கட்டடமும் குறுக்கிட்டால் நிழல் விழும்; பூமியின் வளைவைத் தாண்டினால் பெரும்பாலும் வானில் போய்விடும். ஆகவே மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பெட்டியின் தலைமேல் வைத்த இரு கம்பிக் கொம்புகளே போதுமானவையாக இருக்க, தாம்பரத்தை நெருங்க நெருங்கக் கூரைக்கு மேலே கம்பம் நட வேண்டிய கட்டாயம் வந்தது.

சிட்லபாக்கம் அப்பொழுது ஏரியும் வயலுமாக இருந்து குடியிருப்பாக மாறிக்கொண்டிருந்த ஊர். வீடுகள் தாழ்ந்தவை, தென்னைகள் உயர்ந்தவை. வடக்கே திரிசூலம், பல்லாவரம் குன்றுகள். அவற்றுக்கு அப்பால் மீனம்பாக்கம் விமான நிலையம். அருகிலேயே தாம்பரம் மின்சார இரயில் பாதை. நெடுஞ்சாலையில் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும். இவை ஒவ்வொன்றும் திரையில் தன் கையொப்பத்தை இட்டது. எஞ்சினில் பொறி தெறிக்கும்போதெல்லாம் படத்தின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். விமானம் தாழப் பறந்தால் அதன் உடலில் பட்டுத் திரும்பிய அலையும் நேரே வந்த அலையும் ஒன்றோடொன்று மோதிப் படம் துடிதுடிக்கும். குன்றில் பட்டுத் திரும்பிய அலையோ ஒரே ஆளை இரண்டாகக் காட்டும்.

இந்த இரட்டை உருவத்தின் கணக்கு சுவையானது. நம் நாட்டுத் தொலைக்காட்சிப் படம் 625 கிடைக்கோடுகளால் ஆனது. ஒரு கோட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை எழுத எடுக்கும் நேரம் ஏறக்குறைய 52 மைக்ரோ விநாடி. அதாவது ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் 52 கூறு. குன்றைச் சுற்றி வந்த அலை ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடந்து வந்தால், அது மூன்றேகால் மைக்ரோ விநாடி தாமதமாக வந்து சேரும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில் அந்தத் தாமதம் இரண்டரை சென்டிமீட்டர் விலகலாகத் தெரியும். அளவுகோலைத் திரையில் வைத்தே, எவ்வளவு சுற்றுவழியில் அலை வந்தது என்று மதிப்பிட்டுவிடலாம்!

எவ்வளவு இருந்தால் போதும்?

ஆன்டெனாவில் அகப்படும் மின்னழுத்தம் மிகமிகச் சிறியது. தெளிவான படத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி வோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெட்டியின் வாயிலில் வந்து சேர வேண்டும். அது சில நூறு மைக்ரோ வோல்ட்டுக்குக் குறையும்போது திரையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தோன்றும். மேலும் குறைந்தால் உருவங்கள் மணற்புயலில் நடப்பவர்களைப் போலாகிவிடும். இறுதியில் படம் மறைந்து குரல் மட்டும் எஞ்சும். கண் கேட்பதைக் காட்டிலும் குறைந்த செல்வத்திலேயே காது நிறைவடைகின்றது போலும்! ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் ஒளியை இழந்து ஒலியை மட்டும் கேட்டு மகிழ்ந்த இல்லங்கள் எத்தனையோ.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? எந்தக் கம்பியிலும், எந்த வால்விலும், எந்த டிரான்சிஸ்டரிலும் அணுக்களின் ஓயாத அசைவினால் ஒரு சிற்றிரைச்சல் எப்பொழுதும் உண்டு. வந்த அலை வலிமையாக இருந்தால் அந்த இரைச்சல் தெரிவதில்லை. அலை மெலிந்தால், பெட்டி தானாகவே தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். கூட்டும்போது படத்தோடு இரைச்சலும் பெருகும். கல் கலந்த அரிசியை ஒரு படிக்கு இரண்டு படியாக அளந்தால், கல்லும் இரண்டு பங்காகத்தானே வரும்? பெட்டியின் குமிழை எவ்வளவு திருப்பினாலும் பயன் இல்லாமற் போனது இதனால்தான்.

நாம் மேலே குறிப்பிட்ட விதி இதுவே: முதல் வாயிலில் இழந்ததைப் பின்னர் எந்த வாயிலிலும் மீட்க இயலாது. மெலிந்த அலையுள்ள ஊர்களில் நடந்த முயற்சிகள் யாவற்றையும் இந்த ஒரு விதியைக் கொண்டு எடைபோட்டு விடலாம்.

முள்ளின் கணக்கு

முதல் வாயில் ஆன்டெனா. அந்த மீன்முள் வடிவத்தை 1926ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர்கள் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி ஆகிய இருவர். அதனால் அதற்கு யாகி-உடா ஆன்டெனா என்று பெயர். அதில் கம்பி இணைக்கப்பட்டிருக்கும் முள் ஒன்றே ஒன்றுதான். அதன் பின்னால் சற்று நீண்ட முள் ஒன்று கண்ணாடியைப் போல அலையை முன்னே திருப்பும். முன்னால் உள்ள சற்றுக் குட்டையான முட்கள் அலையை ஒருமுகப்படுத்தும். இவை யாவும் கம்பியோடு தொடர்பின்றியே தம் பணியைச் செய்கின்றன.

முட்களின் நீளம் விருப்பப்படி அமைவதன்று. பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி. சென்னையின் முதல் அலைவரிசைக்கு அது இரண்டு மீட்டருக்கும் சற்று மேல். அதனால்தான் அந்நாளைய ஆன்டெனாக்கள் அவ்வளவு அகலமாக இருந்தன. காகங்கள் வரிசையாக அமரவும் வசதியாயின. அமர்ந்த காகம் எழும்போது தண்டு சற்றே திரும்பிவிட, கூடத்தில் படம் போய்விடும். வீட்டார் காகத்தை வைவார்கள். உண்மையில் பிழை காகத்தினுடையது அன்று, இறுக்கப்படாத திருகாணியினுடையது.

முட்களைக் கூட்டக் கூட ஆன்டெனாவின் பார்வை கூர்மையாகும். முன்னிருந்து வருவதை மிகுதியாகவும் பக்கத்திலிருந்து வருவதைக் குறைவாகவும் வாங்கும். குன்றிலிருந்து திரும்பும் இரட்டை உருவத்துக்கு இதுவே மருந்து. இதனால் ஒரு விந்தையும் நேர்ந்தது. சில வீடுகளில் ஆன்டெனாவை நிலையத்துக்கு நேராக வைத்தால் இரட்டை உருவம். சற்றே அப்பால் திருப்பி வைத்தால், அலை கொஞ்சம் குறைந்தாலும் படம் ஒன்றாகிவிடும். வலிமையை விடத் தெளிவு மேல் என்று அங்கே கற்றுக்கொண்டனர்.

அடுத்து உயரம். மரமும் கூரையும் மறைக்காத சமவெளியில், கம்பத்தின் உயரத்தை இரட்டித்தால் கிடைக்கும் மின்னழுத்தமும் ஏறக்குறைய இரட்டிக்கும். அதே செலவில் இரண்டாவது ஆன்டெனா ஒன்றை வாங்கி முதலாவதோடு இணைத்தாலோ, மின்னழுத்தம் ஒன்றுக்கு ஒன்றரைப் பங்குகூட ஆவதில்லை. ஆகவே பத்தடிக் கம்பத்தை இருபதடியாக்கிய சவுக்குமரம், விலையுயர்ந்த இரண்டாம் ஆன்டெனாவை வென்றது. இதனை அறிந்த ஏழை வீட்டில் படம் தெளிவாகவும், அறியாத செல்வர் வீட்டில் புள்ளி மயமாகவும் தெரிந்திருப்பின் அதில் வியப்பில்லை.

கம்பியும் பூஸ்டரும்

மாடியில் அகப்பட்டதைக் கூடத்துக்குக் கொண்டுவரும் கம்பியும் தன் பங்குக்குச் சுங்கம் வாங்கும். அன்று மிகுதியாகப் பயன்பட்டது தட்டையான இரட்டைக் கம்பி. உலர்ந்திருக்கும் வரை அது நல்ல கம்பி, விலையும் மலிவு. மழையில் நனைந்தாலும், கடற்காற்றின் உப்புப் படிந்தாலும், இரும்புக் கம்பத்தோடு ஒட்டிச் சென்றாலும் அலையை விழுங்கத் தொடங்கிவிடும். வெயிலில் அதன் உறை வெடித்து, உள்ளே பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஐப்பசி மழையோடு படம் கெட்டு, தை வெயிலோடு படம் திரும்பினால், குறை பெட்டியில் இல்லை, கம்பியில்தான் என்று அறிந்துகொள்ளலாம். பின்னர் வந்த உருண்டைக் கம்பி, தன்னைச் சுற்றிய வலையால் அலையைக் காத்துக்கொண்டது.

இனி பூஸ்டர். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் பகுதிகளை வாங்கிவந்து, ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு உள்ளூரிலேயே பூஸ்டர் கட்டிக்கொடுத்தோர் பலர். அதனைப் பெட்டிக்குப் பின்னால் வைப்பது வழக்கமாயிற்று. கைக்கு எட்டும், மழை படாது, மின்சாரமும் அருகிலேயே. ஆனால் நம் விதிப்படி அது தவறான இடம். நீண்ட கம்பியில் அலை மெலிந்து வந்தபின் அதனைப் பெருக்குவதில் என்ன பயன்? பூஸ்டரின் உரிய இடம் கம்பத்தின் உச்சி, ஆன்டெனாவின் வாய். தெரிந்தவர்கள் அங்கேயே ஒரு சிறு மழைக்காப்புப் பெட்டிக்குள் அதனை வைத்து, அலை இறங்கிவரும் அதே கம்பி வழியாக மின்சாரத்தை மேலே அனுப்பினர்.

பூஸ்டரால் வேறொரு தீங்கும் உண்டு. சரியாகக் கட்டப்படாத பூஸ்டர், பெருக்கம் எல்லை மீறும்போது தானே ஓர் ஒலிபரப்பி போல அலையை உமிழத் தொடங்கும். அதன் வீட்டுக்காரருக்குக் குறை தெரியாது. தெருவிலுள்ள மற்றவர் திரைகளிலெல்லாம் வரிவரியாகக் கோடுகள் ஓடும். ஒருவர் தமக்குத் தெளிவு தேடிக்கொள்ளும் முயற்சி, அயலார் அனைவருடைய தெளிவையும் கெடுத்தது. இதனைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. வீடு வீடாகச் சென்று, “உங்கள் பூஸ்டரைச் சற்று அணையுங்கள், பார்ப்போம்” என்று கேட்க வேண்டும். அயலாரோடு பேச்சுவார்த்தை உள்ள தெருவில் அது ஒரு மாலைப் பொழுதில் தீரும். இல்லாத தெருவில் ஆண்டுக்கணக்கில் தீராது.

பெட்டியின் உள்ளே

பெட்டியைச் செய்தோரும் மெலிந்த அலையை மறந்துவிடவில்லை. தொலைக்காட்சி முன்னதாகப் பரவிய இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், நிலையத்துக்கு அருகில் உள்ளோர்க்கு ஒருவகை, எல்லைப்புறத்தில் உள்ளோர்க்கு வேறுவகை எனப் பெட்டிகள் 1950களிலேயே விற்பனைக்கு வந்தன. எல்லைப்புறப் பெட்டியில் ஒரு பெருக்கி நிலை கூடுதலாக இருக்கும். அலையை முதலில் வாங்கும் டியூனரில், இரைச்சல் மிகுந்த பழைய வால்வுக்கு மாற்றாக, இரட்டை வால்வு அமைப்பு ஒன்று வந்தது. அதே கொள்கைதான்: முதல் வாயிலில் இரைச்சலைக் குறை.

படம் அறுந்து பக்கவாட்டில் இழுபடுவது மற்றொரு தொல்லை. ஒவ்வொரு கோடும் எப்பொழுது தொடங்க வேண்டும் என்பதற்கு நிலையம் ஒரு துடிப்பை அனுப்புகின்றது. மெலிந்த அலையில் ஸ்கூட்டரின் பொறியையும் அந்தத் துடிப்பு என்று பெட்டி மயங்கிவிடும். இதற்காக, ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே நம்பாமல், பல கோடுகளின் சராசரியைக் கொண்டு சீராக ஓடும் ஓர் அமைப்பைச் செய்தனர். கனத்த சக்கரம் ஒன்று சிறு தட்டலுக்கெல்லாம் வேகம் மாறாமல் சுழல்வது போன்றது அது. ‘ஃபிளைவீல்’ என்ற அதன் பெயரும் அச்சக்கரத்தின் பெயரே.

நம் நாட்டில் 1970களில் விற்ற பெட்டிகள் பல, பாதி வால்வும் பாதி டிரான்சிஸ்டருமானவை. சென்னையிலேயே உருவான சாலிடேர், டயனோரா பெட்டிகளும், ஐதராபாத்தின் இ.சி. பெட்டியும் அந்நாளில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டவை. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் இப்பெட்டிகளில் செய்யக்கூடியவை சில உண்டு: டியூனரின் தொடுமுனைகளைத் துடைப்பது, களைத்த முதல் வால்வை மாற்றுவது, உள்நிலைச் சுருள்களைத் திருகிப் பெட்டி வாங்கும் அலைப்பட்டையைச் சற்றுக் குறுக்குவது. பட்டையைக் குறுக்கினால் புள்ளிகள் குறையும். ஆனால் படத்தின் நுணுக்கமும் குறையும். செய்தி வாசிப்பவரின் முகம் தெரியும். புடவைக் கரையின் வேலைப்பாடு தெரியாது. எல்லைப்புற மக்கள் அந்தப் பேரத்துக்கு உடன்பட்டனர்.

மெலிந்தது அலை மட்டுமன்று, மின்சாரமும்தான். மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கியதும் புறநகர்களில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து வெகுவாக இறங்கிவிடும். படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுவே ஒரு சிறு சதுரமாக நிற்கும். ஆகவே பெட்டியோடு ஸ்டெபிலைசரும் வாங்கியே தீர வேண்டியிருந்தது. அது மின்சாரத்தைச் சரிசெய்யும்; அலையைச் சரிசெய்யாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, புள்ளிகளைப் போக்க ஸ்டெபிலைசர் வாங்கினால் பணம் வீண்.

கடலுக்கு அப்பாலும் வானுக்கு அப்பாலும்

சிட்லபாக்கத்தின் 20 கிலோமீட்டர் தொல்லைக்குப் பிற ஊர்களின் தொல்லையை ஒப்பிட்டால் இந்த விதியின் ஆற்றல் விளங்கும். சென்னை நிலையத்தின் அலை எட்டாத தென் கடற்கரையில், இராமநாதபுரம், தூத்துக்குடி, நாகை, தஞ்சைப் பகுதிகளில், மக்கள் தெற்கேயும் கிழக்கேயும் ஆன்டெனாவைத் திருப்பினர். இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15இல் தொடங்கியதும் அங்கே உயர்ந்த கம்பங்கள் எழுந்தன. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீட்டர். அங்கிருந்து அலை நேராகச் செல்லும் எல்லை ஏறக்குறைய 200 கிலோமீட்டரே. இராமேசுவரமோ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் குளிர்ந்த ஈரக்காற்று கடலை ஒட்டியும், வெம்மையான உலர்காற்று அதன் மேலும் தங்கும் நாட்களில், அலை அவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டு, குழாய்க்குள் ஓடும் நீரைப் போலத் தொடுவானத்தையும் தாண்டி வரும். வடக்கே கொக்காவில் நிலையம் இன்னும் அருகில் இருந்தது. போரில் 1990ஆம் ஆண்டு அழிந்த அக்கோபுரம் 2011இல் மீண்டும் எழுப்பப்பட்டது.

இன்னொரு காட்சி. சென்னை நிலையம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, 1975 ஆகஸ்டு 1ஆம் நாள், ‘சைட்’ எனப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கிற்று. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பிய அலையை, ஆந்திரம், கருநாடகம், ஒரிசா உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 சிற்றூர்கள் நேரே வாங்கின. தமிழகம் அதில் இடம்பெறவில்லை. அவ்வூர்களின் பெட்டிகளும் சாதாரணப் பெட்டிகளே. ஆனால் அவற்றின் முன்னே ஓர் அலைமாற்றிக் கருவியும், கோழிவலையால் ஆன மூன்று மீட்டர் அகலக் கிண்ண ஆன்டெனாவும் சேர்க்கப்பட்டன. கோழிவலை எதற்கு? கண்ணி அலையின் நீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால், ஓட்டையுள்ள வலையும் முழுத் தகடு போலவே அலையைத் திருப்பும். விலை மலிவு, எடை குறைவு, காற்றும் ஊடே போய்விடும். சிட்லபாக்கத்தார் 20 கிலோமீட்டருக்குத் திண்டாடிய அதே நாட்களில், எட்டாத காட்டூர் ஒன்றில் விண்ணிலிருந்து படம் தெளிவாக இறங்கியது. வேறுபாடு பெட்டியில் அன்று. பெட்டிக்கு முன்னே எடுத்துக்கொண்ட அக்கறையில்தான்.

அமெரிக்காவின் அஸ்டோரியா என்னும் ஆற்றுமுகச் சிற்றூரிலும் இத்தகைய கதை நடந்தது. சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் சியாட்டிலில் தொடங்கிய நிலையத்தின் அலையை, 1948இல் எட் பார்சன்ஸ் என்பவர் ஊரெங்கும் கருவியோடு தேடி அலைந்து, ஒரு விடுதியின் கூரைமேல் கண்டார். அங்கே ஆன்டெனாவை நட்டு, கம்பி இழுத்துத் தம் வீட்டில் படம் பார்த்தார். கூட்டம் தாங்காமல், அக்கம்பக்கத்தார்க்கும் அதே ஆன்டெனாவிலிருந்து கம்பியைப் பகிர்ந்தளித்தார். உலகெங்கும் பரவிய கேபிள் தொலைக்காட்சியின் தொடக்கங்களில் ஒன்று இது. ஒரு நல்ல ஆன்டெனாவைத் தெருவே பகிர்ந்துகொண்டால் ஆளுக்கொரு மோசமான ஆன்டெனா தேவையில்லை என்பதே அதன் சாரம்.

உயிரைக் கேட்ட கம்பம்

மகிழ்ச்சியை மட்டும் சொல்லி ஆபத்தை மறைப்பது முறையன்று. உயர்ந்த இரும்புக் கம்பம் சாயும்போது மின்கம்பியின் மேல் விழுந்தால், அதனைப் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. மின்கம்பிக்கும் கம்பத்தின் அடிக்கும் இடையே கம்பத்தின் முழு நீளத்தையும் மிஞ்சிய இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது எளிய விதி. இடிக்காலத்தில் மாடியேறுவது கூடாது என்பதும் எல்லாரும் அறிந்ததே.

பலரும் அறியாதது வேறொன்று. அந்நாளையப் பெட்டிகள் பலவற்றில், உள்ளே உள்ள உலோகத் தட்டு வீட்டு மின்சாரத்தோடு நேராகவே இணைந்திருந்தது. மின்சாரம் ஆன்டெனாவுக்கு ஏறாமல் தடுத்தவை இரண்டு சிறிய கெப்பாசிட்டர்களே. அவை பழுதானால், மொட்டைமாடியில் ஈரக் காலோடு நின்று ஆன்டெனாவைத் திருப்புகிறவருக்கு, கூடத்துப் பெட்டியிலிருந்தே மின்சாரம் வந்து தாக்கக்கூடும். பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே ஆன்டெனாவைத் திருப்புவதுதான் ஊர் வழக்கம். படம் தெரிகின்றதா என்று வேறு எப்படிப் பார்ப்பது? அந்தக் குடும்ப விளையாட்டில் இந்த ஆபத்தும் ஒளிந்திருந்தது. பழம்பொருள் ஆர்வத்தால் அத்தகைய பெட்டியை இன்று மீண்டும் இயக்கிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் இதனை மனத்தில் கொள்ளல் நலம்.

இன்று

இன்சாட்-1பி செயற்கைக்கோள் 1983இல் ஏவப்பட்டபின், 1984ஆம் ஆண்டில் நாடெங்கும் சிறு ஒளிபரப்பிகள் விரைந்து எழுந்தன. 1990களில் கேபிள் வந்தது. கூரைகளில் மீன்முட்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவை 2022க்குள் மூடப்பட்டுவிட்டன. சிட்லபாக்கமும் 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. இன்று ஒரு பழைய பெட்டியை எவ்வளவு பழுதுபார்த்தாலும், அது வாங்குவதற்கு அந்த அலை வானில் இல்லை.

விதி மட்டும் மாறவில்லை. மாடியிலுள்ள டிஷ்ஷின் வாயருகே ஒரு சிறு பெட்டி நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். கம்பத்தின் உச்சியில் இருக்க வேண்டிய பூஸ்டர், தன் உரிய இடத்தை அடைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. ஆனால் புதிய முறையில் ஒரு வேறுபாடு உண்டு. பழைய படம் மெலிய மெலியப் புள்ளி காட்டி நம்மை எச்சரித்தது. புதிய படமோ கடைசி வரை தெளிவாக இருந்து, ஒரு பெருமழையில் திடீரென உறைந்துவிடுகின்றது. எச்சரிக்கை இல்லை என்பதால் குறை இல்லை என்று பொருளன்று.

இணையம் மெதுவாக வருகின்றது என்று சொல்லி விலையுயர்ந்த புதுக் கைப்பேசி வாங்கப் புறப்படும் முன், இணையப் பெட்டி எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால், வீட்டின் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்தால், அதனை எடுத்து வீட்டின் நடுவே உயரமாக வையுங்கள். செலவின்றியே பாதித் தொல்லை தீரலாம். கைப்பேசி அலையைப் பெருக்கும் கருவிகளை உரிய அனுமதியின்றி வாங்கிப் பொருத்துவதோ சட்டப்படி குற்றம். காரணம், அன்றைய தெருவில் நடந்ததேதான்: ஒரு வீட்டின் பூஸ்டர் சுற்றியுள்ளோர் அனைவருடைய தொடர்பையும் கெடுத்துவிடும். அங்கே கெடுவது திரைப்பாடல் அன்று. ஆம்புலன்சை அழைக்கும் ஒருவருடைய குரலாகவும் இருக்கலாம்.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் இல்லத்தில் எந்தக் கருவியேனும் மங்கலாக இயங்கினால், கருவியைக் குறைகூறு முன் மூன்று கேள்விகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து கேளுங்கள். அலை முதலில் நுழையும் இடம் எது? அங்கே அதனை மறைப்பது எது? நாம் அதனைச் சரிசெய்யும்போது அயல்வீட்டாருக்கு இடைஞ்சல் உண்டா? காசு செலவழிக்க வேண்டிய நேரம் இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகே வருகின்றது. சவுக்குக் கம்பத்தை இன்னும் பத்தடி உயர்த்திப் படம் கண்ட அந்நாளையக் குடும்பங்கள் நமக்கு விட்டுச் சென்ற அறிவு அது.